செல்லில் போட்டது கம்ப்யூட்டரில் வருவது எப்படி? ஒத்திசைவு மென்பொருள், அடிப்படையிலிருந்து

“சிங்க் பண்ணியாச்சா?” என்ற கேள்வி காரைக்குடிக் கடைகளில் இன்று சர்வசாதாரணம். கேட்பவர் மனதில் இருப்பது ஒன்று, பதில் சொல்பவர் மனதில் இருப்பது வேறு. எக்ஸெல் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பியதை ஒருவர் சிங்க் என்கிறார். போட்டோக்கள் க்ளவுடில் ஏறியதை இன்னொருவர் சிங்க் என்கிறார். பில்லிங் மென்பொருள் விற்க வருகிறவர் “சிங்க் வசதி உண்டு சார்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்க வேண்டும், எது இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும்? மென்பொருள் எழுதத் தொடங்கும் மாணவருக்கும், எழுதச் சொல்லிப் பணம் கொடுக்கும் கடைக்காரருக்கும் சேர்த்தே இந்த விளக்கம்.

ஒரே பெயரில் மூன்று வேலைகள்

முதல் வேலை, பிரதி அனுப்புவது. வாட்ஸ்அப்பில் ஃபைல் போனதும் இரண்டு பிரதிகள் உண்டாகின்றன. அதற்குப் பிறகு ஒன்றில் செய்யும் திருத்தம் மற்றதற்குத் தெரியாது.

இரண்டாவது, பேக்கப். இது ஒருவழிப் பாதை. பழைய நிலையைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் அதன் நோக்கம். போனில் ஒன்றை அழித்தாலும் பேக்கப்பில் அது இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் உண்மையான சிங்க், தமிழில் ஒத்திசைவு. எந்தக் கருவியில் மாற்றம் நடந்தாலும் அது மற்றக் கருவிகளுக்கும் போய்ச் சேர்ந்து, கடைசியில் எல்லாம் ஒரே நிலைக்கு வருவது. எல்லா மாற்றமும் என்றால் அழிப்பதும் அதில் அடக்கம். அதனால்தான் “சிங்க் இருக்கே, பேக்கப் எதுக்கு?” என்று கேட்பது ஆபத்து. போனில் தவறுதலாக அழித்த போல்டர் சில நொடிகளில் கம்ப்யூட்டரிலும் காணாமல் போகும். வைரஸ் பூட்டிய ஃபைலும் அதே வேகத்தில் எல்லா இடத்துக்கும் பரவும்.

ரங்கூன் கடையும் தேவகோட்டை முதலாளியும்

கடல் கடந்து போய் வட்டிக்குக் கடன் கொடுத்த லேவாதேவிக் காலத்தை நினைத்துப் பாருங்கள். முதலாளி தேவகோட்டையில், கடை ரங்கூனில். அங்கே ஏஜெண்டு ஒரு பேரேடு வைத்திருக்கிறார், இங்கே முதலாளி ஒன்று வைத்திருக்கிறார். நடுவில் இருப்பது கப்பல் தபால். ஒரு கடிதம் வந்து சேர நாட்கள் ஆகும். அதற்குள் இரண்டு பக்கமும் வேலை நின்றுவிடாது. இரண்டு ஏடுகளும் தனித்தனியே வளர்ந்துகொண்டிருக்கும்.

ஏஜெண்டு “கையிருப்பு இவ்வளவு” என்று ஒரு தொகையை மட்டும் எழுதி அனுப்பினால் முதலாளியால் எதையும் சரிபார்க்க முடியாது. எந்தத் தேதியில், யாருக்கு, எவ்வளவு பற்று, எவ்வளவு வரவு என்ற விவரம் வந்தால்தான் தன் ஏட்டோடு ஒட்டிப் பார்க்கலாம். ஒரு கடிதம் வழியில் தொலைந்தால், எந்தக் கடிதம் வரை கிடைத்தது என்று தெரிந்தால்தான் விட்டதைத் திரும்பக் கேட்கலாம். ஒரு பதிவு தப்பென்று தெரிந்தால் ஏட்டைச் சுரண்டி அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுவார்கள். “இன்னாருக்கு மேற்கொண்டு கடன் கொடுக்கலாம்” என்று முதலாளி எழுதிய கடிதம் கடலில் இருக்கும்போதே, ஏஜெண்டு அந்த ஆளின் கணக்கை முடித்திருக்கக்கூடும். அப்போது யார் சொல் நிற்கும் என்பதற்கு முன்கூட்டியே ஒரு வழக்கம் வேண்டும்.

பதிவுக்குப் பதிவு அனுப்புவது, எதுவரை கிடைத்தது என்று குறிப்பது, சுரண்டாமல் எதிர்ப்பதிவு போடுவது, முரண்பட்டால் யார் முடிவு என்று வைத்துக்கொள்வது. ஒத்திசைவு மென்பொருளின் வடிவமைப்பும் இந்த நான்கில்தான் நிற்கிறது. கப்பல் தபாலுக்குப் பதில் இணையம் வந்ததால் காத்திருக்கும் நேரம் குறைந்தது. தொலைவதும் இரண்டு பக்கமும் தனித்தனியே மாறுவதும் அப்படியேதான் இருக்கின்றன.

போனுக்குள் உண்மையில் நடப்பது

உதாரணத்துக்கு ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை, அதன் விற்பனை ஆபீஸ் காரைக்குடியில் என்று வைத்துக்கொள்வோம். பட்டறையில் போன், ஆபீசில் டெஸ்க்டாப், நடுவில் எங்கோ ஒரு சர்வர். சர்வர் என்பது இரண்டுக்கும் பொதுவான, எப்போதும் விழித்திருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர்.

முதல் விதி: போன் ஆப் எதையும் நேரே சர்வரில் எழுதக் கூடாது. தன்னிடமுள்ள டேட்டாபேஸில், அதாவது ஒழுங்குபடுத்திய பதிவேட்டில், முதலில் எழுத வேண்டும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலுமே எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் கூடவே வருகிறது, இந்த வேலைக்கு அது போதும். நெட்வொர்க் இல்லை என்பதற்காகத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் ஆப்பைப் பட்டறையில் யாரும் இரண்டாம் நாள் தொடமாட்டார்கள். நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிடுவார்கள்.

எழுதும்போதே அந்த மாற்றத்தின் இன்னொரு பிரதி ‘அனுப்ப வேண்டியவை’ என்ற வரிசையிலும் சேர வேண்டும். இந்த இரண்டு எழுத்தும் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்க வேண்டும். இரண்டும் நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது என்ற உறுதியைத்தான் டேட்டாபேஸில் பரிவர்த்தனை என்கிறோம். தனித்தனியாக எழுதி, நடுவில் போன் அணைந்துவிட்டால், பதிவு போனில் இருக்கும், ஆனால் ஆபீசுக்கு ஒருநாளும் போகாது. கண்டுபிடிக்க மிகக் கஷ்டமான பிழை இது, ஏனென்றால் பட்டறைக்காரர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

இணைப்பு வந்ததும் வரிசையில் உள்ளவை சர்வருக்குப் போகும். சர்வர் ஒவ்வொன்றுக்கும் தன் வரிசை எண்ணைப் போட்டு வைத்துக்கொண்டு “கிடைத்தது” என்று பதில் சொல்லும். பதில் வந்த பிறகே போன் அதை வரிசையிலிருந்து எடுக்கலாம். அந்தப் பதில் வழியில் தொலைந்தால்? போன் அதே பதிவை மறுபடி அனுப்பும். அனுப்பத்தான் வேண்டும். சர்வர் அதைப் புதிய விற்பனையாக எண்ணினால் ஒரு பில் இரண்டாகிவிடும். ஆகவே பதிவு பிறக்கும்போதே போன் அதற்கு ஓர் அடையாள எண் கொடுத்துவிட வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் “ஏற்கெனவே இருக்கிறது” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்.

அடையாள எண்ணை 101, 102 என்று கருவிகள் தாமாகப் போடக் கூடாது. ஆபீசிலும் 101 பிறக்கும், பட்டறையிலும் 101 பிறக்கும், இரண்டும் சந்திக்கும்போது ஒன்று மற்றதை விழுங்கும். அதற்காகவே யூயூஐடி என்ற 128 பிட் எண் இருக்கிறது. எந்தக் கருவியும் யாரையும் கேட்காமல் உருவாக்கிக்கொள்ளலாம், இரண்டு இடத்தில் ஒரே எண் வர வாய்ப்பு நடைமுறையில் இல்லை. வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் பில் நம்பர் இதிலிருந்து தனி. ஜிஎஸ்டி விதிப்படி அது நிதியாண்டுக்குள் திரும்ப வராத தொடர் எண்ணாக, 16 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. ஆபீசுக்கு ஒரு முன்னெழுத்து, பட்டறைக்கு ஒரு முன்னெழுத்து என்று பிரித்துவிட்டால் இணைப்பே இல்லாமல் இரண்டு இடத்திலும் பில் போடலாம்.

வாங்குவதும் இதே மாதிரிதான். டெஸ்க்டாப் சர்வரிடம் “உன் வரிசை எண் 4182 வரை என்னிடம் இருக்கிறது, மேற்கொண்டு கொடு” என்று கேட்கும். “காலை 10 மணிக்குப் பிறகு மாறியதைக் கொடு” என்று கேட்கும்படி எழுதினால் பதிவுகள் விட்டுப்போகும். 9.50க்குப் போனில் எழுதியது 10.20க்குத்தான் சர்வருக்கு வந்திருக்கலாம்.

இதுவரை பார்த்தது: முதலில் தன் கருவியில் எழுத வேண்டும். அனுப்ப வேண்டியவற்றை வரிசையில் வைக்க வேண்டும். எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே விளைவுதான் வர வேண்டும். எதுவரை வாங்கினோம் என்பதை சர்வர் கொடுத்த எண்ணால் குறிக்க வேண்டும்.

இருப்பை அனுப்பினால் இருப்பு தப்பும்

புதியவர்கள் மிக அதிகமாக அடிபடும் இடம் இது.

எட்டு அங்குல டைலில் ஒரு டிசைன் 900 இருக்கிறது. ஆபீசில் 100 சதுர அடிக்கு விற்கிறார்கள். எட்டுக்கு எட்டு அங்குல டைல் சதுர அடிக்கு 2.25 வரும், ஆக 225 டைல் குறைந்து டெஸ்க்டாப்பில் இருப்பு 675. அதே நேரத்தில் பட்டறையில் இணைப்பு இல்லாத போனில், தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுக்கும்போது உடைந்த 60 டைலைக் கழிக்கிறார்கள். போனில் இருப்பு 840. மாலையில் இணைப்பு வருகிறது. மென்பொருள் இருப்பு என்ற எண்ணையே அனுப்பினால் கடைசியில் வந்தது வெல்லும்: ஒன்று 675, அல்லது 840. உண்மையான இருப்பு 615. வந்த இரண்டு எண்ணுமே தப்பு, இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரியாகாது.

இதற்கு மருந்து, இருப்பைத் தனி எண்ணாக எழுதி வைக்காமலே இருப்பது. “225 விற்பனை”, “60 உடைசல்” என்ற நிகழ்வுகளை மட்டும் பதிய வேண்டும். இருப்பு என்பது அவற்றைக் கூட்டிக் கழித்து வருவது. எந்த வரிசையில் வந்தாலும் 900லிருந்து 225ம் 60ம் போனால் 615தான். கூட்டல் கழித்தலுக்கு வரிசை முக்கியமில்லை என்ற பள்ளிக்கூடக் கணக்கு இங்கே பெரிய உதவி செய்கிறது. இதில் ஒரு சங்கடமும் உண்டு: இருப்பு மைனஸில் போகலாம். ஆபீசும் பட்டறையும் ஒரே கடைசி 200 டைலை இரண்டு பேருக்கு விற்றுவிட்டால் மென்பொருள் அதைத் தடுக்காது, மைனஸ் 200 என்று காட்டும். காட்டட்டும். அதை மறைக்கும் மென்பொருளைவிட அது எவ்வளவோ மேல். உண்மையிலேயே இரட்டை விற்பனை கூடாதென்றால், அந்தச் சரக்கை இணைப்பு இருக்கும்போது மட்டுமே விற்க முடியும் என்று வைக்க வேண்டும். இணைப்பில்லாமலும் விற்க வேண்டும், இரட்டை விற்பனையும் கூடாது என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால் யாராலும் எழுதித் தர முடியாது.

அலகும் காலை வாரும். ஆபீஸ் சதுர அடியில் பேசும், பட்டறை எண்ணிக்கையில் பேசும். 50 டைல் என்பது 22.22 சதுர அடி. அதை அப்படியே சேமித்துத் திரும்ப 2.25ஆல் பெருக்கினால் 49.995 வரும். பின்னத்தை வெட்டும் புரோகிராம் 49 என்று காட்டும். ஒவ்வொரு ஒத்திசைவிலும் ஒரு டைல் ஆவியாகும், கடைசியில் பட்டறை ஆள்மேல் சந்தேகம் விழும். சேமிப்பது எப்போதும் முழு எண்ணாக, டைல் கணக்கில் இருக்கட்டும். சதுர அடியைத் திரையில் காட்டும்போது மட்டும் கணக்கிடுங்கள். பணத்துக்கும் இதே விதி, பைசாவில் முழு எண்ணாகச் சேமிக்க வேண்டும்.

இரண்டு பேர் ஒரே கட்டத்தைத் திருத்தினால்

எல்லாவற்றையும் கூட்டிக் கழிக்க முடியாது. வாடிக்கையாளரின் முகவரியை ஆபீசில் “கானாடுகாத்தான்” என்றும், போனில் “பள்ளத்தூர்” என்றும் மாற்றியிருக்கிறார்கள். இதைத்தான் மோதல் என்கிறோம்: ஒரே பழைய மதிப்பைப் பார்த்து, ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமல், இரண்டு பேர் வெவ்வேறாக மாற்றுவது.

மிக எளிய வழி, கடைசியில் எழுதியது வெல்லட்டும் என்பது. ஆனால் கடைசி எது என்று சொல்வது யார்? கருவிகளின் கடிகாரத்தை நம்பினால் வம்பு. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்த பழைய டெஸ்க்டாப்பில், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பல வருடம் பின்னே போய்விடும். அதில் செய்யும் எந்தத் திருத்தமும் ஜெயிக்காது. “எத்தனை தடவை மாத்தினாலும் பழசே வருது” என்று ஆபீசில் புலம்புவார்கள். கடிகாரம் ஒரு நாள் முன்னே ஓடும் போனோ, ஒரு நாள் முழுக்க எல்லோரையும் தோற்கடித்துக்கொண்டிருக்கும். கடிகாரத்தை நம்பாமலே நிகழ்வுகளை வரிசைப்படுத்தலாம் என்பதை கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978லேயே எழுதிக் காட்டிவிட்டார்.

கடைக்குப் போதுமான வடிவம் இது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பதிப்பு எண் இருக்கும். போன் திருத்தத்தை அனுப்பும்போது “7ஆம் பதிப்பைப் பார்த்து மாற்றினேன்” என்று சேர்த்துச் சொல்லும். சர்வரில் இப்போதும் 7 இருந்தால் ஏற்றுக்கொண்டு 8 ஆக்கும். ஏற்கெனவே 8 ஆகியிருந்தால் நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள், மோதல் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. நேரத்தைத் திரையில் காட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கண்டுபிடித்த பிறகு தீர்ப்பது எப்படி? முதலில், மோதலை முழுப் பதிவாகப் பார்க்காமல், முகவரி, போன் நம்பர் என்று ஒவ்வொரு கட்டமாகத் தனித்தனியே பாருங்கள். ஒருவர் முகவரியையும் இன்னொருவர் போன் நம்பரையும் மாற்றியிருந்தால் அது மோதலே இல்லை, இரண்டையும் ஏற்கலாம். ஒரே கட்டம் என்றால், டிசைன் பெயர், குறிப்பு போன்றவற்றில் கடைசியில் சர்வருக்கு வந்தது நிற்கட்டும், பழையது வரலாற்றில் இருக்கட்டும். டெலிவரி முகவரி, விலை, கடன் வரம்பு போன்றவற்றில் இரண்டையும் வைத்துக்கொண்டு மனிதரைக் கேட்க வேண்டும். கேட்பது அடிக்கடி நடந்தால் வடிவமைப்பில்தான் கோளாறு. பத்துத் தடவை கேட்டால் பதினோராவது தடவை யாரும் படிக்காமலே ‘சரி’ அழுத்திவிடுவார்கள்.

சிஆர்டிடி என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். எந்த வரிசையில் சேர்த்தாலும் ஒரே முடிவு வரும்படி கட்டப்பட்ட தரவு வடிவங்கள் அவை, 2011ல் அந்தப் பெயரோடு முறைப்படுத்தப்பட்டன. பலர் சேர்ந்து ஒரே கட்டுரையை எழுதும் மென்பொருளுக்கு அருமையானவை. டைல் கடைக்கு அவ்வளவு தேவையில்லை. மேலே சொன்ன கூட்டிக் கழிக்கும் முறையே அந்தக் குடும்பத்தின் எளிய உறுப்பினர்தான்.

அழித்தது உயிரோடு திரும்பி வருவது

போனில் ஒரு வாடிக்கையாளரை அழிக்கிறார்கள். போன் அந்த வரியையே நீக்கிவிட்டது. அடுத்த ஒத்திசைவில் டெஸ்க்டாப் “என்னிடம் ஒருவர் இருக்கிறார், உன்னிடம் இல்லையே” என்று அவரைத் திரும்பக் கொடுத்துவிடும். இல்லாத ஒன்று அழிக்கப்பட்டதா, இன்னும் வந்து சேரவில்லையா என்று இல்லாமையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே அழிப்பதையும் ஒரு பதிவாக எழுத வேண்டும்: இந்த அடையாள எண் நீக்கப்பட்டது என்று. இதற்கு டூம்ஸ்டோன் என்று பெயர். இதை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். 180 நாள் என்று வைத்தால், 180 நாளுக்கு மேல் அலமாரியில் கிடந்த டேப்லெட் திடீரென்று இணையும்போது அதன் பழைய தரவைச் சேர்க்கக் கூடாது. அதில் அனுப்பாமல் காத்திருக்கும் பதிவுகளை மட்டும் முதலில் வாங்கி, அழிந்துபோனவற்றைப் பற்றியதாக இருந்தால் ஒதுக்கி வைத்து, பிறகு முழுத் தரவையும் புதிதாக இறக்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

போன் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் என்று எண்ணி ஏமாறுவது

டெஸ்க்டாப்பில் ஒரு புரோகிராமைப் பின்னணியில் நாள் முழுக்க ஓடவிடலாம். போன் அதற்கு விடாது. ஆண்ட்ராய்டு 6.0 வெளிவந்த 2015 முதல், அசையாமல் கிடக்கும் போன் டோஸ் என்ற உறக்க நிலைக்குப் போய் ஆப்களின் நெட்வொர்க்கை நிறுத்தி வைக்கிறது. திரும்பத் திரும்ப ஓட வேண்டிய பின்னணி வேலைக்கு ஆண்ட்ராய்டின் ஒர்க்மேனேஜர் தரும் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம், அதுவும் தாமதமாகலாம். ஐபோனில் எப்போது ஓடலாம் என்பதை சிஸ்டமே முடிவு செய்யும். சில கம்பெனி போன்கள் பேட்டரியைக் காப்பாற்றுவதாகச் சொல்லிப் பின்னணி ஆப்களை அடியோடு கொன்றுவிடுகின்றன.

அதனால் ஆப்பைத் திறக்கும்போதும், ஒவ்வொரு பதிவு எழுதும்போதும், இணைப்பு திரும்பும்போதும் ஒத்திசைக்க வேண்டும். பின்னணியில் நடந்தால் அது லாபம். திரையில் “கடைசியாகச் சேர்ந்தது 11.40, காத்திருப்பது 3” என்ற ஒரு வரி எப்போதும் இருக்கட்டும். இந்த ஒரு வரி பாதிச் சண்டையைத் தீர்க்கும்.

போட்டோக்களைப் பதிவுகளோடு சேர்த்து அனுப்பாதீர்கள். பதிவு சில நூறு பைட், போட்டோ 4 எம்பி. போட்டோ முடியும்வரை பின்னால் உள்ள பில் எல்லாம் காத்துக்கிடக்கும். போட்டோவுக்குத் தனி வரிசை வைத்து, 256 கேபி துண்டுகளாக, அதாவது 16 துண்டுகளாக அனுப்பினால், பஸ்ஸில் போகும்போது 11ஆம் துண்டில் இணைப்பு அறுந்தாலும் 11லிருந்தே தொடரலாம்.

தமிழ் எழுத்து தரும் தலைவலி

ஆங்கில வழிகாட்டிகள் பெரும்பாலும் தொடாத இடம். “கோட்டையூர்” என்று போனில் ஒருவர் தட்டச்சு செய்கிறார், டெஸ்க்டாப்பில் வேறொரு கீபோர்டில் இன்னொருவர். கண்ணுக்கு ஒரே சொல். ஆனால் முதல் எழுத்தான கோ, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் இரண்டு விதமாக இருக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது முன்னால் வரும் இரட்டைக் கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனியாக. யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். கம்ப்யூட்டருக்கு இவை வெவ்வேறு சொற்கள். தேடினால் பாதிப் பேர் வருவார்கள், ஒரே ஆள் இரண்டு வாடிக்கையாளராக இருப்பார்.

சேமிக்கும் முன்பே எல்லா எழுத்தையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பெரும்பாலான புரோகிராமிங் மொழிகளில் இது ஒரு வரி வேலை. ஔகாரக் குறியில் ளகரத்தைப் போட்டுத் தட்டச்சு செய்திருந்தால் அதை இந்த வரி திருத்தாது, தனியாகத்தான் பார்க்க வேண்டும். அச்சகங்களில் பாமினி போன்ற பழைய ஃபாண்டில் அடித்த பட்டியல்களோ உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள். போனில் திறந்தால் குப்பையாகத் தெரியும். முதல் நாளே யூனிகோடுக்கு மாற்றியபின் ஏற்றுங்கள்.

ஃபைல் பெயரிலும் கவனம் வேண்டும். “பில் 12:30” என்ற பெயரில் உள்ள முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்காது, கேள்விக்குறியையும் ஏற்காது.

க்ளவுட் போல்டரில் டேட்டாபேஸை வைக்கலாமா?

கூடாது. செலவில்லாத சிங்க் என்று பலர் செய்வது இது. எஸ்க்யூலைட் ஓடும்போது முதன்மை ஃபைலுக்குப் பக்கத்திலேயே துணை ஃபைல்களையும் வைத்து எழுதும். போல்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் க்ளவுட் மென்பொருளுக்கு இவை ஒரே கட்டு என்று தெரியாது. ஒன்றைப் புதியதாகவும் இன்னொன்றைப் பழையதாகவும் கொண்டுபோய்ச் சேர்த்தால் டேட்டாபேஸ் கெட்டுப்போகும்.

கடைக்குக் கொடுக்கும் முன் சோதிப்பது

போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, டெஸ்க்டாப்பின் இணைய இணைப்பையும் துண்டித்துவிட்டு, ஒரே வாடிக்கையாளரின் டெலிவரி முகவரியை இரண்டிலும் வெவ்வேறாகத் திருத்துங்கள். முதலில் போனை இணையுங்கள், பிறகு டெஸ்க்டாப்பை. அடுத்து வரிசையை மாற்றி அதையே செய்யுங்கள். இரண்டு தடவையும் மோதல் தெரிய வேண்டும், எந்தத் திருத்தமும் சத்தமில்லாமல் மறையக் கூடாது. போன் கடிகாரத்தை ஒரு நாள் முன்னே தள்ளிப் பாருங்கள். அனுப்பிக்கொண்டிருக்கும்போது ஆப்பைக் கொன்று பாருங்கள். ஒரு பக்கம் அழித்து மறுபக்கம் அதையே திருத்துங்கள். டெஸ்க்டாப்பில் மென்பொருளின் பழைய பதிப்பையும் போனில் அதன் புதிய பதிப்பையும் வைத்து ஓட்டுங்கள். போன் சேர்த்த புதிய கட்டத்தைப் பழைய டெஸ்க்டாப் புரியாவிட்டாலும் தொடாமல் வைத்திருக்க வேண்டும். ‘எனக்குத் தெரியாதது’ என்று தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப அனுப்பினால் எல்லா இடத்திலும் அது காலியாகிவிடும்.

போன் தொலைந்தால் என்ன ஆகும் என்பதையும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனி நுழைவுச் சாவி இருந்தால் சர்வரிலிருந்து அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்யலாம். எல்லாரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்திருந்தால் எல்லாக் கருவியிலும் மாற்ற வேண்டிவரும். எது செய்தாலும், அந்தப் போனின் வரிசையில் அனுப்பாமல் நின்ற பதிவுகள் திரும்பி வராது. சர்வரில் அந்தப் போன் கடைசியாகப் பேசிய நேரம் இருக்கும். அதற்குப் பிறகு பட்டறையில் நடந்ததை மட்டும் ஆட்களிடம் கேட்டு மறுபடி ஏற்ற வேண்டும்.